வேலைக்கு வேலை கூலியா, பருவம் முழுதும் ஆலோசனையா?

வேளாண்மை, உயிரியல் படித்த பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க இரு வழிகள்

பட்டதாரிப் பிள்ளைகள் உள்ள சிறு விவசாயக் குடும்பங்கள் இன்று பெருகிவிட்டன. வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றைப் படித்தவர்கள் ஒரு சாரார். கலைக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்கள் மற்றொரு சாரார். நகையை அடகு வைத்தும், ஆடு மாடுகளை விற்றும் படிக்க வைத்த பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படித்த படிப்புக்கு வேலை எங்கே?"

கோவையில் 1906-ல் வேளாண்மைக் கல்லூரி அமைந்தது. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1989-ல் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், 2012-ல் நாகையைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் தோன்றின. இவற்றுடன் தனியார் கல்லூரிகளும் பெருகியுள்ளன. அரசுப் பணியிடங்கள் அதே அளவுக்குப் பெருகவில்லை. தேர்வாணையத் தேர்வு எழுதி வேளாண்மை அலுவலராகவோ, வங்கித் தேர்வு எழுதி விவசாயக் கள அலுவலராகவோ சேருவோர் சிலரே. விதை, பூச்சிமருந்து நிறுவனங்களில் சேருவோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விற்பனை வேலை. மாதந்தோறும் இவ்வளவு சரக்குத் தள்ள வேண்டும் என்ற இலக்குடன் அவர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்.

எனவே எவரிடமும் மாதச் சம்பளத்துக்கு நிற்காமல், படித்த படிப்பைக் கொண்டே தனியாகப் பிழைப்பது பற்றிப் பல இளைஞர்கள் எண்ணத் தொடங்கியுள்ளனர். இதில் இரு வழிகள் உள்ளன. கூப்பிட்ட இடத்தில் குறித்த வேலையைச் செய்து கொடுத்துக் கூலி பெறுவது ஒன்று. நகரங்களில் இதனை 'ஃப்ரீலான்ஸ்' வேலை என்கிறார்கள். பயிருக்கோ பண்ணைக்கோ தொடர்ந்து யோசனை கூறிக் கட்டணம் பெறுவது மற்றொன்று. இவரை 'கன்சல்டன்ட்', அதாவது ஆலோசகர் என்கிறார்கள். இரண்டையும் ஒன்றென எண்ணித் தொடங்கி, ஈராண்டில் கைவிட்டு வேறு வேலைக்குப் போவோர் உண்டு.

இது விவசாயிகளை இரு வகையில் தொடும் செய்தி. பிள்ளையின் பிழைப்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டிய பெற்றோரும் அவர்களே; இத்தகைய இளைஞர்களைத் தம் வயலுக்கு அழைத்துப் பணம் கொடுக்கப் போகிறவர்களும் அவர்களே.

நடவு ஆளும் நீர்பாய்ச்சியும்

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிராமத்து வழக்கத்தைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். நடவை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒப்பந்தம் விடுகிறோம். நட்டு முடித்துக் கரையேறியதும் கணக்குத் தீர்ந்தது. பின்னர் பயிர் விளைந்தாலும் காய்ந்தாலும் நட்டவர்களைக் கேட்க முடியாது. அவர்கள் பொறுப்பு நாற்றை ஒழுங்காக நடுவதோடு முடிகிறது.

கண்மாய்ப் பாசனம் உள்ள மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளில் நீர்பாய்ச்சி என்பவர் வேறு வகை. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது, தண்ணீர் குறைந்தால் எப்படிப் பங்கிடுவது என்று பருவம் முழுதும் பார்ப்பவர் அவர். ஆயக்கட்டு விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து, அறுவடையில் நிலத்தின் அளவுக்கேற்ப அவருக்கு நெல் அளப்பது வழக்கம். ஒருவர் மட்டும் கூலி கொடுக்காததால் அவர் ஒருவருக்கு மட்டும் சாய்வதில்லை. கண்மாய் நீர் கடைசி வயல் வரை சேர்ந்து, பயிர் கரையேறினால்தான் அவர் பங்கும் நிறையும்.

வேலைக்கு வேலை கூலி பெறும் பட்டதாரி நடவு ஆளைப் போன்றவர். ஆலோசகர் நீர்பாய்ச்சியைப் போன்றவர். முன்னவர் விற்பது கைத்திறனையும் நேரத்தையும். பின்னவர் விற்பது தீர்ப்பை. கைத்திறனை ஆறு மாதத்தில் பழகலாம். தீர்ப்பு, பல பருவங்களைக் கண்ட பின்னரே வரும்.

கூலிக்குச் செய்யத் தக்க வேலைகள்

படித்தவர் செய்யத் தக்க துண்டு வேலைகள் கிராமப்புறத்தில் பல உள்ளன.

மண் மாதிரி எடுத்தல்: இது எளிதாகத் தோன்றினாலும் பலர் தவறாகச் செய்யும் வேலை. வயலில் 10 முதல் 15 இடங்களில் மேற்குப்பையை அகற்றிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ வரும் வரை குறைக்க வேண்டும். எருக்குழி, வரப்பு, மரநிழல் ஆகியவற்றின் அருகில் எடுக்கலாகாது. மாதிரி தவறானால் பரிசோதனை முடிவும், அதைக் கொண்டு இடும் உரமும் தவறாகிவிடும்.

ஒட்டுக் கட்டுதல்: மா, சப்போட்டா போன்றவற்றில் நாற்றங்கால்காரர்கள் கன்று ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார்கள். தோட்டக்கலை படித்தவர் கைப்பழக்கமும் பெற்றுவிட்டால், எத்தனை கன்று பிடித்தது என்ற கணக்கே அவருக்குச் சிபாரிசாக அமையும்.

விதைப்பண்ணை வேலை: கலவன் அகற்றுதல், வீரிய ஒட்டுப் பருத்தியில் பூக்களின் மகரந்தப் பையை நீக்கி மகரந்தம் சேர்த்தல் போன்றவற்றை மேற்பார்வையிட, பயிரைத் தெரிந்த ஆள் தேவை.

ட்ரோன் மூலம் மருந்து தெளித்தல்: 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி பயிற்சி பெற்று இயக்குநர் சான்று வாங்க வேண்டும். இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். ஆனால் எந்தப் பயிருக்கு எந்த மருந்து, எந்த அளவில், காற்று எப்படி இருக்கும்போது தெளிப்பது என்பதை அறிந்த பட்டதாரிக்கும், வெறுமே இயந்திரத்தை இயக்குபவருக்கும் வேறுபாடு உண்டு.

உயிரியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. காளான் வித்துத் தயாரிக்க நுண்ணுயிரியல் அறிவு கைகொடுக்கும். 2009-க்குப் பின் வெனாமி இறால் வளர்ப்புப் பரவிய கடலோரப் பகுதிகளில், குளத்து நீரின் கார அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து சொல்ல விலங்கியல், மீன்வளம் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளை நிழல்வலைக் குடிலில் பழக்கப்படுத்தும் வேலையும் உண்டு.

இவ்வழியின் நன்மை, முதல் நாளிலிருந்தே கையில் காசு வருவது. முதலீடு பெரும்பாலும் குறைவு. தவறு நேர்ந்தாலும் அந்த ஒரு வேலையோடு போய்விடும். குறை என்னவெனில், வேலை பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல வேலைகள் நின்றுவிடும். கை ஓய்ந்தால் வருவாயும் ஓய்ந்துவிடும்.

"அடிக்காதே" என்று சொல்லும் அறிவு

ஆலோசகரின் தேவை எங்கே எழுகிறது? பல வேளைகளில் அவர் சொல்லும் சிறந்த யோசனை, ஒன்றையும் வாங்காதே என்பதாக இருக்கும். இதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டுகள் உள்ளன.

2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி எனப் பல பயிர்களில் அது பரவியது. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்தாக அடித்துப் பார்த்தார்கள். மாவு போர்த்திய பூச்சியிடம் மருந்து எளிதில் செல்லவில்லை. அதனைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளே மடிந்தன. இறுதியில் 2010-ல் 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, பெருக்கி வயல்களில் விடப்பட்டது. பூச்சி அடங்கியது. குளவி விட்ட வயலில் மருந்தடிப்பை நிறுத்துங்கள் என்பதே அன்று சொல்லப்பட்ட முக்கிய யோசனை.

2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோதும் இதே பாடந்தான். 'என்கார்சியா' என்னும் ஒட்டுண்ணி தோப்பில் தானாகவே பெருகக் கூடியது. மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தல், ஓலையின் அடிப்பகுதியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுதல், கரும்பூசணம் படிந்த ஓலைகளில் லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசையைக் கரைத்துத் தெளித்தல் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. கடும் பூச்சிமருந்தை அடித்தவர்கள் ஒட்டுண்ணியைக் கொன்று ஈயைப் பெருக்கிக் கொண்டார்கள்.

நெல்லில் புகையானைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது வழக்கம். ஆனால் தூருக்குள் குனிந்து பார்த்து எண்ண வேண்டும். சிலந்திகள் இல்லாத வயலில் தூர்க்கிளை ஒன்றுக்கு 1 பூச்சியும், குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் தூர்க்கிளைக்கு 2 பூச்சியும் சேதநிலையாகக் கொள்ளப்படும். அதற்குக் குறைவாயின் தண்ணீரை வடித்துக் காயவிட்டாலே பெரும்பாலும் போதும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் புகையான் மீண்டும் பெருகும்.

இதை எண்ணிப் பார்த்து "பொறுங்கள், இன்னும் மூன்று நாள் கழித்துப் பார்ப்போம்" என்று சொல்லும் தைரியமும், மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்க்கும் பொறுப்பும் உடையவரே ஆலோசகர். சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வராவிடில், அது ஆலோசனை ஆகாது, வாய்ப்பேச்சு.

அவருக்குப் பணம் தருவது யார்?

ஆலோசகர் தொழிலின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். விவசாயியிடம் ஒரு பைசாவும் வாங்காமல் வயலுக்கு வந்து யோசனை சொல்பவர் எதைக் கொண்டு பிழைக்கிறார் என்று கேட்க வேண்டும். கடைக்காரரோ நிறுவனமோ சரக்கு விற்றதற்குத் தரும் கமிஷன் அவர் வருவாய் என்றால், யோசனை இலவசமல்ல. அதன் விலை மருந்துச் சீட்டில் சேர்ந்திருக்கிறது. ஒரு மருந்து போதுமான இடத்தில் மூன்றைக் கலந்து அடிக்கச் சொல்வதும், தேவையற்ற வளர்ச்சி ஊக்கியைச் சேர்ப்பதும் இவ்வாறுதான் நேர்கின்றன. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சரக்கு விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் நல்லவரும் அப்படித்தான் சொல்வார்.

தொழில் தொடங்கும் இளைஞருக்கு இது பெரிய சோதனை. விவசாயி கட்டணம் தரத் தயங்குவார். கடைக்காரர் உடனே தருவார். முதலாண்டில் அந்தப் பணத்தை வாங்கிவிட்டால், ஊரார் அவரை ஆலோசகராகக் கருதமாட்டார்கள். கடை ஆளாகவே கருதுவார்கள். அந்தப் பெயரைப் பின்னர் துடைப்பது அரிது. இடுபொருள் கடை வைப்பதில் இழிவு ஏதுமில்லை. கடை வைப்பவர் கடைக்காரர் என்று சொல்லிக் கொண்டே விற்கலாம். 2015-ல் திருத்தப்பட்ட பூச்சிமருந்து விதிகள், விற்பனை உரிமத்துக்கு வேளாண்மை, உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களில் பட்டமோ, வேளாண்மையில் ஓராண்டுப் பட்டயமோ வேண்டும் என்று கூறியதால், படித்தவர்களுக்கு அவ்வழியும் திறந்துள்ளது. ஆனால் தம் சான்றிதழை வேறொருவர் கடையில் தொங்கவிட்டு, கடைப்பக்கம் போகாமல் மாதப் பணம் வாங்கும் ஏற்பாட்டுக்கு உடன்படலாகாது. அங்கு போலி மருந்து பிடிபட்டால் சான்றிதழுக்கு உரியவரும் பதில் சொல்ல நேரிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. படித்தவரும் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். கீழ்க்காணும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. ஊருக்கும் பயிருக்கும் ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

துண்டு வேலைக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் எனக் கொள்ளலாம். மாதம் 25 நாள் என்றால் 25,000 ரூபாய் எனத் தாளில் வரும். ஆனால் மழை, பருவ இடைவெளி, அலைச்சல் போக 15 நாள் வேலையே நிலையாகக் கிடைக்கும் எனில் 15,000 ரூபாய். பெட்ரோல், கருவி, தொலைபேசி ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய் கழித்தால் கையில் நிற்பது 11,000 ரூபாய்.

ஆலோசகர் 50 சிறு விவசாயிகளின் 100 ஏக்கரை, ஏக்கருக்குப் பருவத்துக்கு 600 ரூபாய் வீதம் ஏற்றுக்கொள்கிறார் எனக் கொள்ளலாம். நான்கு மாதப் பருவத்துக்கு 60,000 ரூபாய். வயல்கள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தால் நாளொன்றுக்கு எட்டு ஒன்பது வயல்களையே பார்க்க முடியும். வாரம் ஆறு நாள் வீதம் 16 வாரத்துக்கு 96 நாள் அலைய வேண்டும். நாளுக்கு 300 ரூபாய் செலவு என்றால் 28,800 ரூபாய் போய், மிச்சம் 31,200 ரூபாய். மாதத்துக்கு 7,800 ரூபாய்தான். துண்டு வேலையைவிட இது குறைவு!

அதே 100 ஏக்கர் ஒரே ஆயக்கட்டில், ஒரே குழுவாக இருந்தால் வாரம் இரண்டு நாளில் பார்த்து முடிக்கலாம். 32 நாளுக்குச் செலவு 9,600 ரூபாய். மிச்சம் 50,400 ரூபாய். மாதத்துக்கு 12,600 ரூபாய். வாரத்தில் மீதி நாட்கள் கைவசம் உள்ளன. இத்தகைய மூன்று குழுக்கள் அமைந்தால் மாதம் 37,800 ரூபாய் ஆகிறது.

விவசாயியின் பக்கம் பார்த்தாலும், இரண்டு ஏக்கர் உள்ளவர் பருவத்துக்குக் கொடுப்பது 1,200 ரூபாய். தேவையற்ற மருந்தடிப்பு ஒன்று குறைந்தாலே மருந்து விலையிலும் ஆள்கூலியிலும் அதனை ஈடுகட்டிவிடலாம்.

இக்கணக்கிலிருந்து தெரிவது ஒன்று. சிதறிய சிறு விவசாயிகளிடம் தனித்தனியே கட்டணம் வாங்கி ஒரு ஆலோசகர் பிழைப்பது கடினம். விவசாயிகள் நீர்பாய்ச்சியை வைத்துக்கொண்டது போலக் கூடி அமர்த்திக்கொண்டால் இரு தரப்புக்கும் கட்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பாசன சங்கம், உழவர் ஆர்வலர் குழு ஆகியவை இதற்கு ஏற்றவை. மகாராஷ்டிரத்தில் நாசிக் பகுதித் திராட்சை விவசாயிகள் தனியார் ஆலோசகர்களுக்குப் பணம் கொடுத்து யோசனை பெறுவது பல்லாண்டு வழக்கம். விலை மிகுந்த பயிராதலால் அங்கே தனி ஆளுக்கும் கட்டுகிறது. நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிக்குக் குழுவே வழி.

எதில் தொடங்குவது?

கல்லூரியிலிருந்து வந்தவுடன் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டுவது சரியன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு வறட்சியும், ஒரு வெள்ளமும், ஒரு புதிய பூச்சியும் கண்ணால் காணாதவரின் யோசனையை நம்பி விவசாயி பருவத்தைப் பணயம் வைக்க இயலாது. மாத்திரை தவறினால் மறுநாள் மாற்றலாம். நாற்று விடும் தேதி தவறினால் அடுத்த ஆண்டுதான் திருத்தலாம்.

எனவே முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் துண்டு வேலைகளில் இறங்குவதே முறை. அவற்றையும் கண்டபடி எடுக்காமல், ஒரு பயிரையோ இரண்டு பயிரையோ ஒட்டியே எடுக்க வேண்டும். தென்னை என்றால் தென்னை. வாழை என்றால் வாழை. செல்லும் ஒவ்வொரு வயலிலும் தேதி, ரகம், பயிரின் வயது, கண்ட குறை, செய்த வேலை, அதன் விளைவு ஆகிய ஆறையும் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். சொந்த நிலத்தில் அரை ஏக்கரை ஒதுக்கி, தாம் பிறருக்குச் சொல்லப் போவதை முதலில் அதில் செய்து பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக் குறிப்பேடு பட்டச் சான்றிதழுக்குச் சமம்.

பின்னர், ஏற்கனவே வேலை கொடுத்துவரும் விவசாயிகளில் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு பருவத்துக்கு மட்டும் ஆலோசனை தொடங்கலாம். துண்டு வேலையை உடனே விட்டுவிட வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஆலோசகர் தொழில் பொருந்தும் என்பதும் இல்லை. கைத்திறன் மிக்கவர், வேலையை முடித்துக் கணக்குத் தீர்ப்பதையே விரும்புபவர் துண்டு வேலையிலேயே நிலைத்து ஆட்களைச் சேர்த்துப் பெரிதாக்கலாம். அதுவும் கௌரவமான பிழைப்பே.

மகள்களைப் படிக்க வைத்த பெற்றோர் வயல் வயலாக அனுப்பத் தயங்குவதுண்டு. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ளன. ஆட்டையும் கறவை மாட்டையும் பார்ப்பவர்களும் அவர்களே. அவர்கள் தயக்கமின்றிக் குறை சொல்வது ஒரு பெண்ணிடந்தான். சொந்த ஊரையும் அண்டை ஊர்களையும் சுற்றிய ஒரு குழுவைக் கொண்டு தொடங்கினால் இத்தயக்கத்துக்கு இடமிராது.

கிடைக்கும் உதவி

2002-ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் மருத்துவ மையம், வேளாண் வணிக மையத் திட்டத்தின் கீழ், ஐதராபாத்திலுள்ள 'மேனேஜ்' நிறுவனம் அங்கீகரித்த பயிற்சி மையங்களில் 45 நாள் இலவசப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வேளாண்மை சார்ந்த பட்டதாரிகளும் பட்டயதாரர்களும், வேளாண் சார்ந்த பாடத்தில் முதுகலை முடித்த உயிரியல் பட்டதாரிகளும் சேரலாம். பயிற்சிக்குப் பின் வங்கிக் கடன் பெற்றுத் தொழில் தொடங்கினால், பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 36 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 44 விழுக்காடும் மானியம் என வகுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசும் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், வேளாண்மைப் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் நடத்தும் 1,000 உழவர் நல சேவை மையங்களுக்கு 30 விழுக்காடு மானியம் அறிவித்தது. விண்ணப்பிக்கும் முன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் வங்கியிலும் அப்போதைய விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். மானியத்தைக் கருதித் தொழில் தொடங்குவது தவறு. மானியம் ஒரு முறை வரும். தவணை மாதந்தோறும் வரும்.

எல்லை தாண்டலாகாது

ஒவ்வொரு படிப்புக்கும் எல்லை உண்டு. கால்நடைக்கு நோய் கண்டு மருந்து எழுதுவது, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. வேளாண்மைப் பட்டதாரியோ விலங்கியல் பட்டதாரியோ தீவனம், கொட்டகை பற்றி யோசனை சொல்லலாம்; ஊசி போடலாகாது. உயிர் உரமோ, டிரைக்கோடெர்மா போன்ற உயிர்க்கொல்லியோ தயாரித்து விற்க உரிய அனுமதி பெற வேண்டும். ஆலோசனைக் கட்டணமும் வேலைக் கூலியும் விவசாய வருமானம் ஆகா. எனவே விவசாய வருமானத்துக்குள்ள வரிவிலக்கு இவற்றுக்குப் பொருந்தாது. முதல் ஆண்டிலிருந்தே வரவு செலவு எழுதிவருவது நல்லது.

விவசாயிகள் கேட்க வேண்டியவை

ஆலோசகரை அமர்த்தும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

1. என்ன படித்தவர்? இந்தப் பயிரில் எத்தனை பருவம் வேலை செய்தவர்? அவர் பார்த்த வயல்கள் எவை? அவ்வயல்காரர்களிடம் நேரில் விசாரிக்க வேண்டும்.

2. கடை, நிறுவனம் எவற்றிலிருந்தேனும் கமிஷன் பெறுகிறாரா? பெறுவதில்லை என்று எழுதித் தருவாரா?

3. பருவத்தில் எத்தனை முறை வயலுக்கு வருவார்? அழைத்தால் எத்தனை நாளில் வருவார்?

4. மருந்தின் பெயரை எழுதும்போது வணிகப் பெயரோடு நில்லாமல், மருந்தின் வேதிப்பெயரையும் அளவையும் எழுதித் தருவாரா? வேதிப்பெயர் தெரிந்தால் எந்தக் கடையிலும் விலை விசாரித்து வாங்கலாம்.

5. கட்டணம் எவ்வளவு, எப்போது? பாதியை நடவின்போதும், மீதியை அறுவடைக்குப் பின்னும் கொடுப்பது என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மகசூல் இவ்வளவு வரும் என்று எந்த ஆலோசகராவது உறுதி கொடுத்தால் அவரை அமர்த்த வேண்டாம். மழையும் விலையும் எவர் கையிலும் இல்லை. வயலுக்கு வருவது, பார்த்து எண்ணுவது, உள்ளதை உள்ளபடி எழுதுவது ஆகியவற்றுக்கே அவர் உறுதி கூற முடியும்.

விவசாயிகளுக்கும் ஒரு கடமை உண்டு. யோசனை கேட்டு, பயனும் கண்ட பின், "சும்மா சொல்லிவிட்டுத்தானே போனார்" என்று கட்டணத்தை இழுத்தடிப்பதால்தான் நல்ல இளைஞர்கள் கடைக்காரர் பக்கம் சாய்கிறார்கள். டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறவர்கள் அறிவுக்கும் கூலி உண்டு என்பதை ஏற்க வேண்டும்.

அரசின் இலவச உதவியும் தொடர்ந்து உள்ளது. உதவி வேளாண்மை அலுவலர், வேளாண்மை அறிவியல் நிலையம், 2004 முதல் இயங்கிவரும் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண் ஆகியவற்றில் யோசனை கேட்கலாம். தனியார் ஆலோசகரின் யோசனையை இவர்களிடம் சரிபார்த்துக்கொள்வதில் தவறில்லை. நேர்மையான ஆலோசகர் அதற்கு வருத்தப்படமாட்டார்.

இவ்வாண்டு பட்டம் பெற்று ஊர் திரும்பும் பிள்ளைகள் முதலில் ஒரு பயிரையும் ஒரு குறிப்பேட்டையும் கையில் எடுக்கட்டும். வயலுக்கு வயல் கூலிக்குப் போகட்டும். ஊரார் ஐம்பது பேர் கூடி "எங்கள் வெள்ளாமையைப் பருவம் முழுதும் நீ பார்த்துக்கொள்" என்று சொல்லும் நாள் வரும்போது ஆலோசகர் ஆகட்டும். அப்படிப்பட்ட பிள்ளை தம் ஊரிலேயே இருந்தால் அவரைக் கூடி அமர்த்திக்கொள்ள அடுத்த பருவத்துக்கு முன்பே குழுவில் பேசி முடிவு செய்வது விவசாயிகளின் வேலை.